பாறுக் கழுகும் ஒரு வலி ஊசியும்

1/
மக்களே, இது கொஞ்சம் நீளமான த்ரெட். டைக்ளோஃபெனாக் பத்தி எழுதப் போறேன். முதுகுவலி, மூட்டுவலி, பல்வலின்னு ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சவங்கள்ல இந்த மருந்தைத் தாண்டிப் போனவங்க ரொம்பக் குறைவு. ஆனா இன்னைக்குப் பேச்சு உங்க முதுகைப் பத்தி இல்ல. இதே மருந்து ஒரு பறவைக் கூட்டத்தையே இந்திய வானத்துல இருந்து துடைச்சு எடுத்ததைப் பத்தி. அந்தப் பறவை போனதால மனுஷன் செத்ததைப் பத்தி.

2/
பாறுக் கழுகைக் காப்பாத்தணும்னு பேச்செடுத்தாலே மூணு கேள்வி வருது.

ஒண்ணு: மனுஷனுக்கே வழியக் காணோம், கழுகுக்கு என்ன இப்போ?
ரெண்டு: அது வனத்துறை வேலைதானே?
மூணு: சங்கரன்கோவில்ல ஏது கழுகு? உங்களுக்கு எதுக்கு டாக்டர் இந்த வேண்டாத வேலை?

மூணுக்கும் வரிசையா பதில் சொல்றேன். கடைசி வரைக்கும் படிச்சிட்டுத் திட்டுங்க.

3/
முதல்ல ஆள் யாருன்னு தெரிஞ்சுக்குவோம். ஊருக்குள்ள கோழிக்குஞ்சைத் தூக்கிட்டுப் போறது பருந்து. பாறு அது இல்ல. உயிரோட இருக்கிற எதையும் வேட்டையாடுற பழக்கம் இதுக்குக் கிடையாது. பெரும்பாலும் செத்ததைத்தான் தின்னும். அதனாலதான் நாம அதுக்கு ‘பிணந்தின்னிக் கழுகு’ன்னு ஒரு பட்டப்பெயர் வச்சு, அருவருப்பா ஒதுக்கி வச்சோம். பழைய தமிழ்ப் பெயர் பாறு.

4/
தமிழ்நாட்டுல நாலு வகை. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு. திருக்கழுக்குன்றம் மலையில தினமும் உச்சி வேளைக்கு வந்து குருக்கள் கையால சோறு வாங்கிச் சாப்பிட்டுப் போகுமே ரெண்டு கழுகு, அது மஞ்சள்முகப் பாறு. ஊர் பெயர்லயே கழுகு இருக்கு. 1990-களோட அந்த வரவும் நின்னு போச்சு. இப்போ பாறை இருக்கு, படி இருக்கு, பெயர் இருக்கு.

5/
உங்க வீட்டுல எழுபது தாண்டின பெரியவங்க இருந்தா இன்னைக்கே கேளுங்க. மாடு செத்தா ஊருக்கு வெளிய இழுத்துப் போடுவாங்க. தோல் உரிச்ச கொஞ்ச நேரத்துல வானத்துல வட்டம் போடும். கூட்டமா இறங்கினா ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள்ள எலும்பாக்கிட்டுப் போயிரும். நாத்தம் கிடையாது, புழு கிடையாது. நகராட்சி வண்டியும் தேவையில்ல, சம்பளமும் தேவையில்ல.

6/
ராஜஸ்தான் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவுல பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் கணக்கெடுத்தார். 1987-88-ல வெண்முதுகுப் பாறுவோட கூடு 353. 1996-97-ல 150. அடுத்த சில வருஷத்துல அங்க ஒண்ணுமே இல்ல. கழுத்து தொங்கிப் போய், மரக்கிளையில உக்காந்தபடியே செத்து விழுந்துச்சு.

7/
அங்க மட்டும் இல்ல. 1992-ல இருந்து 2007-க்குள்ள இந்தியாவுல வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைஞ்சு போச்சு. திரும்பப் படிங்க. ஆயிரம் இருந்த இடத்துல ஒண்ணு. உலகத்துல எந்தக் காட்டுப் பறவைக்கும் இவ்வளவு வேகமான வீழ்ச்சி அபூர்வம். வேட்டையாடினது யாரும் இல்ல. காட்டையும் ஒரே ராத்திரியில வெட்டல. அப்போ எது கொன்னுச்சு?

8/
வைரஸா இருக்கும்னு பல வருஷம் தேடினாங்க. பதில் 2004-ல வந்துச்சு. பாகிஸ்தான்ல லிண்ட்சே ஓக்ஸ் தலைமையில ஒரு குழு செத்த பாறுக்களை அறுத்துப் பார்த்தது. சிறுநீரகம் செயலிழந்து போயிருந்தது. ஈரல், இதயம் மேல எல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா யூரிக் அமிலம் படிஞ்சு கிடந்தது. அந்தச் சிறுநீரகங்கள்ல டைக்ளோஃபெனாக் இருந்தது.

9/
நடந்தது இதுதான். மாட்டுக்கு மடிவீக்கம், கால் வீக்கம், காய்ச்சல்னா டைக்ளோஃபெனாக் ஊசி. ஊசி போட்ட சில நாளுக்குள்ள மாடு செத்துட்டா, அதோட உடம்புல மருந்து மிச்சம் இருக்கும். அதைத் தின்ன பாறு சில நாள்ல சாகும். யூரிக் அமிலம் கூடினா நமக்குக் கால் பெருவிரல் வீங்கும், மாத்திரை போட்டுச் சரி பண்ணிக்குவோம். பாறுவுக்கு உள்உறுப்பெல்லாம் உறைஞ்சு போகும்.

10/
“எல்லா மாட்டுக்குமா ஊசி போட்டாங்க?”ன்னு கேப்பீங்க. தேவையே இல்ல. செத்த மாடுகள்ல நூத்துக்கு ஒண்ணுல கூட இல்ல, அதைவிடக் குறைவான மாடுகள்ல மருந்து இருந்தாலே இந்த வீழ்ச்சிக்குப் போதும்னு கணக்கு காட்டுச்சு. ஒரு மாட்டைச் சுத்தி ஐம்பது பறவை உக்காந்து தின்னா, ஒரு பந்தியில ஐம்பதும் போச்சு. அதுவும் வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை வைக்கிற பறவை. குஞ்சு வளர்ந்து தானும் முட்டை வைக்க அஞ்சு வருஷம் ஆகும்.

11/
1990-கள்ல ஏன் திடீர்னு? காப்புரிமை முடிஞ்சு, உள்ளூர் கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பிச்சு, விலை சரிஞ்சது. மனுஷனுக்கு நல்லது. ஏழை விவசாயி மாட்டுக்கும் நல்லதுன்னுதான் நினைச்சாங்க. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல. ஆனா மாட்டுக்கு ஒரு மருந்தை விக்கிறதுக்கு முன்னாடி, அந்த மாட்டைத் தின்னப் போறது யாருன்னு ஒருத்தரும் கேக்கல.

12/
இப்போ முதல் கேள்விக்கு வர்றேன். மனுஷனுக்கே வழியில்லாதப்போ கழுகு எதுக்கு?

பாறுவோட வயித்து அமிலம் அவ்வளவு கடுமையானது. அடைப்பான் நோய்க் கிருமி மாதிரி நாம நடுங்குற கிருமி இருக்கிற இறைச்சியைக்கூட தின்னு செரிச்சிரும். பாறு இல்லேன்னா அந்த இறைச்சி என்ன ஆகும்? அப்படியே கிடந்து அழுகும். வாய்க்கால்ல, குளத்துல கலக்கும். இல்லேன்னா நாய் திங்கும்.

13/
நாய் தின்னுச்சு. நாய் பெருகுச்சு. பாறு அழிஞ்ச காலத்துல இந்தியாவுல தெருநாய் எண்ணிக்கை குறைஞ்சது 55 லட்சம் கூடியிருக்கும், அதனால 1992-ல இருந்து 2006 வரைக்கும் 47,000-க்கும் மேல ரேபிஸ் மரணம் கூடுதலா நடந்திருக்கும்னு 2008-ல வந்த ஒரு ஆய்வு மதிப்பிட்டது. இன்னைக்கும் உலகத்துல நடக்குற ரேபிஸ் மரணங்கள்ல 36 சதவீதம் இந்தியாவுலன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

14/
ரேபிஸ் வந்த நோயாளியைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். தாகம் எடுக்கும், தண்ணியைப் பார்த்தா தொண்டை இறுகும். அறிகுறி தொடங்கிட்டா எங்க கையில ஒண்ணும் இல்ல. (நாய் கடிச்சா உடனே சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. அதே நாள் ஆஸ்பத்திரிக்கு வாங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். இது த்ரெட்டுக்குச் சம்பந்தம் இல்லேன்னாலும் சொல்லிடுறேன்.)

15/
2024-ல பொருளாதார அறிஞர்கள் இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ரெண்டு பேரும் இன்னொரு கணக்கு போட்டாங்க. முன்னாடி பாறு நிறைய வாழ்ந்த மாவட்டங்களையும், அதிகம் வாழாத மாவட்டங்களையும் ஒப்பிட்டாங்க. பாறு போன மாவட்டங்கள்ல மனுஷ இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல கூடியிருந்தது. 2000-ல இருந்து 2005-க்குள்ள சுமார் 5 லட்சம் கூடுதல் உயிர்.

16/
இது தலை எண்ணி எடுத்த கணக்கு இல்ல, புள்ளியியல் மதிப்பீடு. அஞ்சு லட்சத்தை நாலுன்னே வச்சுக்கோங்க, மூணுன்னே வச்சுக்கோங்க. ஒரு பறவை போனதுக்கு நாம கொடுத்த விலை அது. ஆக “மனுஷனா கழுகா”ன்னு கேக்குறதே தப்பு. அந்தப் பறவை பொது சுகாதாரத் துறையில சம்பளம் வாங்காம வேலை பார்த்தது. அதை வேலையை விட்டு அனுப்பினோம். மாத்து ஆள் போடல.

17/
ரெண்டாவது கேள்வி. வனத்துறை வேலைதானே?

வாழிடம்னா காடுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். புலிக்கு அது சரி. பாறுவுக்குக் காடு பாதி வாழிடம்தான். கூடு கட்ட உயரமான மரம் வேணும், பாறை முகடு வேணும். மீதிப் பாதி வாழிடம் செத்த மாடு. அந்த மாட்டை வளர்க்கிறது நீங்க. அதுக்கு என்ன ஊசின்னு முடிவு பண்றது டாக்டர். அதை விக்கிறது மருந்துக்கடை. இதுல எங்க வனத்துறை?

18/
மரத்தை நட்டு வச்சுட்டு இரையில விஷம் வச்சா அது வாழிடத்தை மீட்டெடுக்கிறது இல்ல. அதனாலதான் சொல்றேன், பாறுவோட வாழிடத்தை மீட்டெடுக்கிற வேலை மருந்துக்கடைக் கல்லாவுல ஆரம்பிக்குது. வனத்துறை தலைகீழா நின்னாலும் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நடக்கிறதைத் தடுக்க முடியாது.

19/
சட்டம் இல்லையா? இருக்கு. மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் கூடாதுன்னு 2006-லயே தடை. என்ன நடந்துச்சு? மனுஷனுக்கான டைக்ளோஃபெனாக்கை 30 மி.லி. குப்பியில விட்டாங்க. 2007-ல இருந்து 2010 வரை 11 மாநிலங்கள்ல 250-க்கும் மேற்பட்ட மருந்துக்கடைகள்ல, மாட்டுக்கு வலி மருந்து வேணும்னு போய்க் கேட்டுப் பார்த்தாங்க. 36 சதவீதக் கடைகள்ல டைக்ளோஃபெனாக் கிடைச்சது. தடைக்கு அப்புறம்.

20/
யோசிங்க. ஒரு ஆளுக்கு ஒரு ஊசிக்கு 75 மி.கி., அதாவது 3 மி.லி. போதும். 30 மி.லி. குப்பி எந்த மனுஷனோட இடுப்புக்கு? ஒரே குப்பியில பத்துப் பேருக்குத் திரும்பத் திரும்ப ஊசி குத்தி எடுக்கிறது எங்க பார்வையிலயும் தப்பு, தொற்று பரவ வழி. அந்த அளவு மாட்டுக்குத்தான் கச்சிதம். குப்பியோட சைஸே உண்மையைச் சொல்லிருச்சு.

21/
2015-ல மத்திய அரசு ஆணை போட்டது: மனுஷனுக்கான டைக்ளோஃபெனாக் ஊசி இனி ஒரு தடவைக்கான 3 மி.லி. பேக்கிங்ல மட்டும்தான். எதிர்த்து மருந்துக் கம்பெனி தரப்புல சென்னை உயர்நீதிமன்றம் வரை போனாங்க. 2017-ல தள்ளுபடி ஆச்சு. கழுகுக்காக மனுஷனோட வலி மருந்தைப் பிடுங்குறாங்கன்னு அப்போ ஒரு புலம்பல். எந்த நோயாளிக்கும் ஒரு சொட்டு குறையல. இன்னைக்கும் வலிக்கு ஊசி கிடைக்குது, கிடைக்கணும்.

22/
அதோட முடியல. டைக்ளோஃபெனாக்கைத் தடுத்தா அசெக்ளோஃபெனாக் வந்துச்சு. அது மாட்டு உடம்புக்குள்ள போனதும் டைக்ளோஃபெனாக்காவே மாறிடும். கீட்டோப்ரோஃபென் பாறுவைக் கொல்லும்னு 2009 கடைசியிலேயே ஆய்வு வந்தாச்சு. கால்நடைக்கு அந்த ரெண்டையும் தடை பண்ணினது 2023 ஜூலையில. நிமெசுலைடுக்குத் தடை 2024 டிசம்பர்ல. ஆய்வு வந்து பதிமூணு வருஷத்துக்கு மேல விஷம்னு தெரிஞ்சே வித்திருக்கோம்.

23/
என் கோபம் இங்கதான். ஒவ்வொரு மருந்தா விட்டு, பறவை செத்து, பத்து வருஷம் ஆய்வு பண்ணி, அப்புறம் தடை பண்றது என்ன முறை? மனுஷனுக்கு ஒரு மருந்து வரணும்னா எத்தனை கட்டச் சோதனை! அதே மாதிரி, கால்நடைக்கான எந்தப் புது வலி மருந்தும் பாறுவுக்குப் பாதுகாப்பானதுன்னு நிரூபிச்ச பிறகுதான் உரிமம்னு விதி வேணும். நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கம்பெனியோடது. செத்துக் காட்ட வேண்டிய பொறுப்பு பறவையோடது இல்ல.

24/
“அப்போ மாடு வலியில துடிக்கட்டுமா டாக்டர்?” நியாயமான கேள்வி. துடிக்க வேண்டாம். மெலாக்சிகாம் இருக்கு. பாறுவுக்குப் பாதுகாப்பானதுன்னு 2006-லயே தெரிஞ்சாச்சு. டோல்ஃபெனாமிக் அமிலம் இருக்கு, அதுவும் பாதுகாப்பானது. பல கம்பெனி தயாரிக்குது, சாதாரணமா கிடைக்குது. இவ்வளவு பெரிய பிரச்சினைக்கு இவ்வளவு சின்னத் தீர்வு, மருத்துவத்துல அடிக்கடி கிடைக்காது.

25/
இதைச் செஞ்சா பலன் இருக்குமான்னா, நேபாளத்தைப் பாருங்க. 2006-ல தடை போட்டாங்க. நம்மள மாதிரி அறிக்கையோட விடல. மருந்துக்கடை மருந்துக்கடையா ஏறி இறங்கினாங்க. வயசான மாடுகளை வாங்கிப் பராமரிச்சு, தானா செத்ததும் மருந்து இல்லாத இறைச்சியைப் பாறுவுக்குப் போட்டாங்க. 2013 வாக்குல அங்க வீழ்ச்சி நின்னு எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சிருச்சு. நம்மள விட வசதி குறைஞ்ச நாடு அது.

26/
இப்போ மூணாவது கேள்வி. சங்கரன்கோவில்ல ஏது கழுகு?

இல்லதான். அதுதானே பிரச்சினையே! தமிழ்நாட்டுல பாறு கூடு கட்டுறது இன்னைக்கு நீலகிரி அடிவாரத்துல மாயாறு பள்ளத்தாக்கை ஒட்டித்தான். ஆத்தோரம் நிக்கிற நீர்மருது மரங்கள்லதான் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணும் சேர்ந்து 2023 கடைசியில எண்ணினப்போ முந்நூத்துச் சொச்சம். மூணு மாநிலத்துக்கும் சேர்த்து! நம்ம ஊர் ஒரு கல்யாண வீட்டுப் பந்திக்கு அதைவிடக் கூட்டம் வரும்.

27/
எல்லா முட்டையும் ஒரே கூடையில. அங்க ஒரு வருஷம் யாரோ புலி மேல கோபத்துல செத்த மாட்டு மேல விஷம் தடவினா, ஒரே நாள்ல பாதி போயிரும். பாறு ஒரு நாள்ல நூறு கிலோமீட்டருக்கு மேல சாதாரணமா பறக்கிற பறவை. அது திரும்பப் பரவணும்னா, போற வழியெல்லாம் இரை சுத்தமா இருக்கணும். நமக்கு மேற்கே புளியங்குடி, கடையநல்லூர் பக்கம் தெரியுற மலை நெல்லை வனவிலங்குச் சரணாலயம். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021-ல இருந்து புலிகள் காப்பகம். இடம் இருக்கு. சாப்பாடு சுத்தமா இல்ல.

28/
இன்னொண்ணு. நம்ம ஊர் மாடு நம்ம ஊர்லயேவா நிக்குது? சந்தையில கை மாறும், புளியரை வழியா கேரளா போகும். வயநாட்டுலயும் பாறு இருக்கு. இங்க போட்ட ஊசி எந்த ஊர் வானத்துல போய் விழும்னு உங்களால சொல்ல முடியுமா?

29/
நாம பாம்புக்கும் தேளுக்கும் வெள்ளி உருவம் வாங்கிக் கோமதி அம்மன் சன்னதியில போடுற ஊர்க்காரங்க. புத்துமண்ணை நெத்தியில பூசிக்கிட்டுப் போறவங்க. விஷ ஜந்துவுக்கே ஒரு இடம் கொடுத்த ஊரு. நெல்லை அருகன்குளத்துல தாமிரபரணிக் கரையில ஜடாயு தீர்த்தத்துல முங்கி முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கிறோம். வைத்தியத்துக்கே கடவுள் இருக்கிற வைத்தீஸ்வரன் கோவிலோட பழைய பெயர் புள்ளிருக்குவேளூர். அந்தப் ‘புள்’ ஜடாயுதான். கதையில இருக்கிற பறவைக்குத் தீர்த்தம், நிஜத்துல இருக்கிற பறவைக்கு டைக்ளோஃபெனாக். நல்லா இருக்கா?

30/
சரி, நீங்க என்ன செய்யலாம்?

மாடு, ஆடு வச்சிருக்கிறவங்க: கால்நடை மருத்துவர்கிட்ட “மெலாக்சிகாம் போடுங்க ஐயா”ன்னு வாய் விட்டுக் கேளுங்க. மனுஷ ஊசியை வாங்கி நீங்களா மாட்டுக்குக் குத்தாதீங்க.
மருந்துக்கடை வச்சிருக்கிற அண்ணாச்சிமாரே: சீட்டு இல்லாம அட்டை அட்டையா 3 மி.லி. ஆம்பூல் கேட்டா, யாருக்குன்னு ஒரு வார்த்தை கேளுங்க.
மலையடிவாரத்து விவசாயிகள்: மாட்டைச் சிறுத்தை அடிச்சா இழப்பீட்டுக்கு மனு கொடுங்க. விஷம் வைக்காதீங்க. வச்சா சிறுத்தையோட நிக்காது.

31/
அரசுக்கு: தடை பண்ணின மருந்து விக்கிறாங்களான்னு கடைகள்ல தொடர்ந்து சோதனை வேணும். காட்டுல தானா செத்த விலங்கை, நோய்ச் சந்தேகம் இல்லாதப்போ, புதைக்காம எரிக்காம பாறுவுக்கு விடுங்க. ஆத்தோரத்து நீர்மருதைக் காப்பாத்தி, உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் அடைச்ச இடத்தை மீட்டெடுங்க. முதல்ல சொன்ன ஒண்ணு, கடைசியாவும் சொல்றேன்: சோதிக்காத வலி மருந்துக்கு உரிமம் கொடுக்காதீங்க.

32/
“ஐயா, ஒரு ஊசியப் போட்டு விடுங்க, நாளைக்குக் களை எடுக்கப் போகணும்”னு கேக்குற அம்மாக்களுக்கும் ஒண்ணு. இந்த மருந்தை அளவுக்கு மீறி, வருஷக்கணக்குல எடுத்தா உங்க சிறுநீரகத்தையும் அது சும்மா விடாது. பாறுவுக்கு ஒரே வேளையில நடந்தது மனுஷனுக்கு மெதுவா நடக்கலாம். நாலு நாளைக்கு மேல வலி இருந்தா ஊசியைக் கேக்காதீங்க, காரணத்தைக் கேளுங்க.

33/
நம்ம பேரப்பிள்ளைங்க பாறுவைப் பாடப் புத்தகத்துல மட்டும் பார்க்கணுமா, நம்ம ஊர் வானத்துலயும் பார்க்கணுமா? இதுக்குக் கோடி ரூபாய்த் திட்டம் எதுவும் வேண்டாம். அடுத்த தடவை மாட்டுக்கு ஊசி போடும்போது மருந்தோட பெயரைக் கேளுங்க. அந்த ஒரு கேள்வியை உங்க தெருவுல மாடு வச்சிருக்கிற நாலு பேருக்கும் சொல்லிக் கொடுங்க.

மாட்டுக்காரர் யாரையாவது தெரிஞ்சா இதை அவங்களுக்கு அனுப்பி வைங்க.